சாதோக்கின் பங்கு

இந்த வருஷம் முதுகுக்குத் துணி குறைவாகவே போதும் என்று கெதூராவுக்குப் பட்டது. எல்லோஜி நிமிர்ந்து நிற்க ஆரம்பித்துவிட்டான். கூன் விழுந்தவனுக்குச் சட்டை தைக்கும்போது பின்பக்கம் நீளம் விட வேண்டும், இல்லையென்றால் குனிகிறபோது இடுப்பு தெரியும். போன வருஷம் வரை அப்படித்தான் விட்டாள். இப்போது அவன் காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டு ஜெபாலயத்து வாசலில் காவல் நிற்கிறான். மாதச் சம்பளம் வருகிறது, முதுகும் நேராகிவிட்டது. காய்கறி வாங்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கமாக நடந்து, கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டு வந்தாள்.

நாடாவை வைத்து அவள் அவனை அளந்ததே இல்லை. அளந்தால் அது எல்லோஜியின் சட்டை ஆகிவிடும். அவள் தைத்தது சாதோக்கின் சட்டை.

சாதோக் அவளுடைய ஒரே பிள்ளை. இருபது வயதில், மழைக்காலம் முடிகிற சமயம், மணல் ஏற்றப் போன படகு கவிழ்ந்து செத்தான். கூடப் போன எல்லோஜி கரை சேர்ந்தான். இருவருக்கும் ஒரே வயது. எல்லோஜிக்குத் தாய் தகப்பன் கிடையாது. பாதி நாள் கெதூரா வீட்டில்தான் சாப்பாடு. அந்த வருஷத்து நோன்புக்கென்று பிள்ளைக்கு அவள் தைத்த வெள்ளைச் சட்டை ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

வருஷத்தின் பெரிய நோன்பான கதவடைப்பு நோன்புக்கு மறுநாள் எங்கள் பாவ்லே ஊர் யூதர்களுக்குப் பழையது பண்டிகை. நோன்புக்கு முன்னால் வீடு தேடி வந்த ஆத்மாக்கள் அன்றைக்குப் பொழுது சாயும்போது திரும்பிப் போகும். வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? அவரவர் வீட்டு இறந்தவர் பேரில் ஏழைக்குத் தட்டு கொடுப்போம். கொடுக்கிறவர் பேரைச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "போய்ச் சேரட்டும்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை வாங்குகிறவர்தான் சொல்லலாம். கொடுத்தவரே சொல்லிக்கொண்டால் செல்லாது. ஆத்மா அங்கேயே நின்றுகொண்டிருக்கும் என்பார்கள்.

முதல் வருஷம் கெதூரா எல்லோஜியைக் கூப்பிட்டு, பூரியும் ஈரல் வறுவலும் தேங்காய்ப்பால் அல்வாவும் வைத்த தட்டைக் கொடுத்து, ஆணியில் தொங்கிய சட்டையையும் கொடுத்தாள். "இங்கேயே போட்டுக்கோடா, பாத்துக்கிறேன்" என்றாள். போட்டுக்கொண்டான். தோளில் தொளதொளவென்று நின்றது, சாதோக் கொஞ்சம் அகலம். "போய்ச் சேரட்டும்" என்றான். அவள் வாய்விட்டு அழுதாள். அழுதபின் அந்த வருஷத்தை எப்படியோ தள்ளினாள்.

அதற்குப்பின் ஒரு வருஷமும் தவறவில்லை. எல்லோஜிக்கு மீசை அடர்ந்தது, சாதோக்கின் சட்டைக்குத் தோள் அகலம் கூடியது. எல்லோஜிக்குத் தொப்பை விழுந்தது, சட்டைக்கு வயிற்றில் துணி கூடியது. ஐஸ் ஃபேக்டரியில் பாளம் சுமந்து சுமந்து எல்லோஜிக்குக் கூன் விழுந்தபோது, தன் பிள்ளைக்கும் முதுகு வளைந்துவிட்டதே என்று மனசுக்குள் வருத்தப்பட்டாள். முதுகு போனபின் ஃபேக்டரியில் அவனை வைத்துக்கொள்ளவில்லை. பண்டிகை நாளில் ஜெபாலயத்துப் படியில் உட்கார்ந்து கை நீட்டுகிற நிலைக்கு வந்தான். ஆனால் பழையது பண்டிகை அன்று அவன் முதலில் வருவது கெதூரா வீட்டு வாசலுக்குத்தான். வருஷத்தில் ஒரு நாள், வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போடுகிற அந்த நேரத்துக்கு மட்டும், அவளுக்குப் பிள்ளை இருந்தான்.

பிறகுதான் டிரஸ்ட் வந்தது.

நல்லது செய்ய வந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்கள் செய்தது எல்லாமே நல்லதுதான், அதுதான் வயிற்றெரிச்சல். யாரோ சுற்றுலா வந்தவன், எல்லோஜி படியில் கை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்து உலகம் பூராவும் அனுப்பிவிட்டான். பாவ்லேயை விட்டுப் போய் இஸ்ரேலில் அஷ்தோத் நகரத்தில் பெரிய ஆளாகிவிட்ட ஒருவர் கண்ணில் அது பட்டது. நம் யூத ஜனம் ஊர்ப் படியில் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறதா என்று மனுஷன் உருகிவிட்டார். உருகினால் கொட்டத்தானே வேண்டும்? டிரஸ்ட் ஒன்று வைத்துக் கொட்டினார். ஜெபாலயத்துக்குச் சலவைக்கல் தரை வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த ஓடு மாறியது. ஊரில் மிஞ்சியிருந்த எங்கள் பத்துப் பன்னிரண்டு வீட்டில் இல்லாதவர்களுக்கெல்லாம் கார்டு வந்தது. கார்டைக் காட்டினால் அரிசி, எண்ணெய், மருந்து. எல்லோஜிக்குக் காவல் வேலை. நோன்புக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் மும்பையிலிருந்து தயாராகத் தைத்த வெள்ளை உடுப்பு, எல்லாருக்கும் இலவசம்.

அந்தக் கடைசிச் சங்கதி கெதூராவின் வயிற்றில் அடித்தது. நோன்பு சீசனில் ஊர் முழுக்க வெள்ளைத் துணி தைத்துத்தான் அவளுக்குப் பாதி வருஷம் ஓடும். இந்த வருஷம் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? இலவசமாக வருவதை விட்டுவிட்டு இவளிடம் கூலி கொடுத்துத் தைக்க அவர்களுக்கென்ன தலையெழுத்தா?

டிரஸ்ட் காரியங்களைப் பார்த்துக்கொண்ட நிசிம் நல்ல மனுஷர்தான். கண்ணாடி, மெல்லிய குரல், யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அவரே அவள் வீட்டுக்கு வந்தார்.

"நீங்களும் கார்டு வாங்கிக்குங்கம்மா. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல."

"வெட்கம் இல்லைய்யா. நான் கொடுக்கிற வீடு. வாங்குற வீட்டுக்காரங்க கூட என்னைச் சேத்துட்டா, என் பிள்ளை பேர்ல யாரு கொடுப்பா?"

"வாங்கிக்கிட்டே கொடுக்கலாமே. யாரு தடுக்கிறா?"

"இந்தக் கையில வாங்கி அந்தக் கையில கொடுத்தா, அது அஷ்தோத்காரர் கொடுத்தது. நான் கொடுத்ததுன்னு என் பிள்ளை நம்புவானா? சின்ன வயசுலயே அவன் கெட்டிக்காரன்."

நிசிம் சிரித்தார், பிறகு சிரிக்கக் கூடாதோ என்று நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவள் காதுக் கம்மல் விலைக்குப் போயிற்று. பால் வாங்குவது நின்றது. ஒரு வேளைக் கஞ்சி இரண்டு வேளைக்கு வந்தது. பக்கத்து வீட்டு மில்கா மட்டும் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"ஏண்டி, வீம்பை மாவா அரைச்சு ரொட்டி சுட முடியுமா? போய்க் கார்டை வாங்கு" என்றாள்.

"உன் வேலையப் பாரு."

"என் வேலைதான் இப்ப ஒண்ணும் இல்லையே. எல்லாம் வீட்டுக்கே வந்துடுது. உன்னைத் திட்டுறதைத் தவிர எனக்கு என்ன பொழுதுபோக்கு இருக்கு சொல்லு?"

இந்த வருஷச் சட்டைக்குத் துணி வாங்க வழியில்லை. நோன்புக்குக் கட்டுகிற தன் வெள்ளைப் புடவையை எடுத்து விரித்தாள் கெதூரா. நல்ல புடவை, அவள் புருஷன் இருந்தபோது வாங்கியது. கத்தரிக்கோலை வைத்து நேராக வெட்டினாள். தைத்து முடித்துக் காஜா எடுத்தபின், மிச்சத் துண்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். டிரஸ்ட் கொடுத்த வெள்ளையையும் வாங்காமல், நோன்பன்று நீலக்கரைப் புடவை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அத்தனை வெள்ளைக்கு நடுவில் அவள் ஒருத்தி மட்டும் தனியாகத் தெரிந்தாள். வாசலில் நின்றிருந்த எல்லோஜி, "ஷாலோம் சித்தி" என்று சொல்லிவிட்டு, ஒரு கணம் புடவையைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

நோன்பு முடிந்து எல்லாரும் கலைகிற நேரம், நிசிம் படியில் நின்று பேசினார். "நாளைக்குப் பழையது பண்டிகை. கொடுக்கணும்னு நினைக்கிறவங்க டிரஸ்ட் உண்டியல்ல போடுங்க, நாம முறையாச் செய்வோம். நம்ம ஜனத்துல யாரும் இனிமே வாசல் வாசலாப் போய்க் கை நீட்ட வேண்டாம். அந்தக் காலம் போயிடுச்சு." எல்லாரும் தலையாட்டினார்கள். சில பேருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எல்லோஜி காக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றான். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

கெதூரா அதைக் கேட்டாள், கேட்காதமாதிரி வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பூரி இட்டாள். ஈரல் ஒரு கைப்பிடிதான் வாங்க முடிந்தது. அல்வாவுக்கு வெல்லம் மில்காவிடம் கேட்டாள். வாங்க மறந்துபோச்சு என்று பொய் சொல்லி. சட்டையை இஸ்திரி போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. பூரி வதங்கியது.

"அவன் வர மாட்டான்டி" என்றாள் மில்கா, வேலி ஓரத்திலிருந்து. "வந்தா வேலை போயிடும்னு அவன் பொண்டாட்டி தீனா சத்தம் போட்டாளாம்."

"அவன் வருவான்."

"பஸ் ஸ்டாண்டுல எத்தனை பிச்சைக்காரன் இருக்கான், ஒருத்தனைக் கூப்பிட்டுக் கொடு. யாருக்குக் கொடுத்தாலும் கொடுத்ததுதான்."

தட்டைக் கொடுக்கலாம்தான். சட்டையை? யாரோ ஒருத்தன் தோளில் அவள் எதைப் போய்ப் பார்ப்பது? எல்லோஜியின் வயசுதானே சாதோக்கின் வயசு. இதை மில்காவிடம் சொன்னால் புரிந்துகொள்வாள், ஆனால் ஊருக்கே சொல்லுவாள். கெதூரா சட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஜெபாலயத்துக்கு நடந்தாள்.

எல்லோஜி அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். கையில் இருந்த மூட்டையையும் பார்த்துவிட்டான்.

"இங்க வேண்டாம் சித்தி. போங்க."

"எதை வேண்டாங்கிற? நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே."

"தெரியும் சித்தி. உள்ள நிசிம் சார் இருக்காரு. மும்பையிலேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்க."

"இருக்கட்டும். நான் திருட வந்தேனா? ஒரு நிமிஷம் போட்டுக் காட்டு, போயிடறேன். காக்கிக்கு மேலயே போட்டுக்கோடா, நான் ஒண்ணும் சொல்லல." கேட்கும்போதே தன் குரல் கெஞ்சுவது அவளுக்குத் தெரிந்தது. இந்த வாசலில் அவள் குரல் அப்படி ஒலித்ததே இல்லை.

எல்லோஜி சுற்றுமுற்றும் பார்த்தான். "சாயங்காலம் வீட்டுக்கு வரேன் சித்தி. சத்தியமா வரேன். பொழுது சாயறதுக்குள்ள வரேன், போங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டானே, போதாதா? வேகமாகத் திரும்பி நடந்தாள். வழியில் எதிர்ப்பட்ட மில்காவைப் பார்த்து, "வரேன்னுட்டான்" என்றாள். மில்கா உதட்டைப் பிதுக்கினாள். வீட்டுக்கு வந்து பூரியை மறுபடி சூடுபண்ணி வைத்தாள். பகல் முழுக்க அதிலிருந்து ஒரு துண்டு பிட்டு வாயில் போடவில்லை. இறந்தவர் பங்கில் கொடுக்கிறவர் கை வைக்கக் கூடாது. முந்தின நாள் நோன்பு முடித்ததும் அவள் குடித்தது ஒரு டம்ளர் கஞ்சி.

வெயில் தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்குகிற நேரத்துக்கு எல்லோஜி வந்தான். காக்கி இல்லை, மும்பை வெள்ளை உடுப்பு, புதுச் செருப்பு. கையில் துணி போட்டு மூடிய தட்டு ஒன்று இருந்தது. கெதூரா அதைக் கவனிக்கவில்லை. சட்டையை எடுத்து உதறினாள்.

"வா, வா. இந்தத் தடவை முதுகை நேரா வெட்டியிருக்கேன், பாரு."

அவன் வாசலிலேயே நின்றான். தட்டை நீட்டினான்.

"யாருக்குடா இது?"

"சாதோக் பேர்ல சித்தி."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கோபம்தான் முதலில் வந்தது. "அவன் பேர்ல கொடுக்க நீ யாருடா? பெத்தவ நான் இருக்கேன்."

"நீங்க பெத்தவங்க. நான் கூடப் போனவன்." அவன் தட்டை இறக்கவில்லை. "இத்தனை வருஷமா ஊர்ல எல்லாரும் அவங்கவங்க செத்தவங்க பேர்ல கொடுத்தாங்க, வாங்கினேன். எங்கப்பன் பேரு எனக்குத் தெரியாது. ஆத்தா முகம் ஞாபகம் இல்ல. எனக்குன்னு செத்தவன் அவன் ஒருத்தன்தான் சித்தி. அவனுக்கு ஒரு வாய் சோறு நான் போட்டதில்ல. போட எங்கிட்ட எப்ப இருந்துச்சு? இந்த வருஷந்தான் இருக்கு."

"போடு, வேண்டாங்கல. ஏழைக்கா பஞ்சம்? போய்க் கொடு."

"பஞ்சந்தான். நம்ம ஜனத்துல தேடிப் பாத்தேன். எல்லார்கிட்டயும் கார்டு இருக்கு. இல்லாத வீடு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "நோன்பன்னிக்கு நீங்க வெள்ளை கட்டல. பாத்தேன்."

கெதூராவின் கையில் இருந்த சட்டை அந்த வெள்ளைதான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? "நான் பிச்சைக்காரியா?" என்றாள்.

"நான் இருந்தேன்ல சித்தி."

குத்திக்காட்டுகிறமாதிரி சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அவள் சட்டையை அவன் பக்கம் நீட்டினாள். "சரி. நீயும் கொடு, நானும் கொடுக்கிறேன். இதைப் போட்டுக்கோ. ஒரே ஒரு தடவை. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

எல்லோஜி தலையை ஆட்டினான். "முடியாது சித்தி. வேலைக்காகச் சொல்லல. தெருமுனை தாண்டினதும் கழட்டிடுவேன், ஒவ்வொரு வருஷமும். அவன் சட்டையில எனக்கு மூச்சு முட்டும். நீங்க அழுவீங்களேன்னு போட்டேன். பசிக்கும், அதனாலயும் போட்டேன். இப்ப பசி இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் பார்த்தது தோளை, கையை, வயிற்றை. முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஒரு கிழவனின் முகம் அது. சாதோக்கின் முகம் இல்லை. கிழட்டு சாதோக் எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

தோப்புக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அடுப்படியில் அவள் செய்த தட்டு வாங்க ஆளில்லாமல் கிடந்தது. இந்தத் தட்டையும் திருப்பி அனுப்பிவிட்டால் பிள்ளை இந்த வருஷம் ஒன்றும் இல்லாமல் போவான். அவன் கொஞ்சமும் பசி பொறுக்க மாட்டாதவன்.

சட்டையை மிஷின்மேல் வைத்துவிட்டு வந்து, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து ஏந்தினாள். ஏந்துவதற்குக் கை இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்ததில்லை. எல்லோஜி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் தட்டை வைத்தான். வாங்கத் தெரிந்தவனுக்குத்தான் அப்படிக் கொடுக்கத் தெரியும்.

"சாதோக் பேர்ல" என்றான்.

இப்போது அவள் சொல்ல வேண்டும். கொடுக்கிறவளுக்கு என்ன, பேரைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு நிற்கலாம். அனுப்பி வைக்கிற வேலையை ஒவ்வொரு வருஷமும் எல்லோஜிதான் செய்தான். அவள் ஒரு தடவைகூடப் பிள்ளையைப் போ என்று சொன்னதில்லை. எல்லோஜி அவசரப்படுத்தாமல் நின்றான்.

"போய்ச் சேரட்டும்" என்றாள் கடைசியில். பிறகு, வெளியூருக்குப் புறப்படுகிற பிள்ளையிடம் சொல்கிறமாதிரி, "போய்ச் சேருடா" என்றாள்.

எல்லோஜி செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

விளக்கேற்றாமல் தரையில் உட்கார்ந்து தட்டைத் திறந்தாள். தீனா கைக்கு உப்பு கூடுதல், ஈரலைக் கொஞ்சம் தீய விட்டிருந்தாள். பிள்ளையின் பங்கு என்று நினைத்துத்தான் முதல் வாய் தின்றாள். மற்றதெல்லாம் பசிக்குத் தின்றாள். தின்று முடித்துத் தட்டைக் கழுவி, நாளைக்குத் தீனாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாசல் பக்கம் கவிழ்த்து வைத்தாள்.